ஆத்தூர் பஸ்ஸில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி

போன ஆவணியில் திண்டுக்கல் போய்வந்தேன். கோயிலுக்கு இல்லை, சந்தைக்கும் இல்லை. மனநோய்க்கு வைத்தியம் பார்க்க மதுரை டாக்டர் மாதம் ஒருநாள் திண்டுக்கல்லுக்கே வரலாமா என்று ஜனங்களிடம் கேட்கக் கூட்டம் போடுவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அஞ்சாப்போடு நின்றவள்தான், ஆனாலும் நானே வாசித்தேன். என் மகன் தங்கவேலுவை மதுரைக்குக் கூட்டிப்போக இரண்டு ஆம்பளைத் துணை வேண்டும். துணை கிடைக்காமல் மருந்து விட்டுப்போனால் அவன் சோறு தின்ன மாட்டான். திண்டுக்கல் என்றால் நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன்.

ஆத்தூரிலிருந்து பன்னிரண்டு மைல். காலை எட்டு மணி பஸ், டிக்கெட் அம்பது நயா பைசா. ஜன்னலோரம் உட்காராதீர்கள், செம்பட்டி தாண்டினால் புழுதி முகத்தில் அடிக்கும். பஸ் ஸ்டாண்டில் ஜட்காக்காரர் எட்டணா கேட்பார். கூட்டம் நடந்த பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான், நடந்தே போகலாம்.

ஹாலில் ஊர் ஊராக உட்காரவைத்தார்கள். முன்னால் பஞ்சாயத்து பிரசிடெண்டுகள், பின்னால் நாங்கள். அதிகாரி மைக்கில் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டார்: "உங்க ஊர்ல புத்தி கலங்கினவங்க இருக்காங்களா?"

பெண் எடுக்கிறவனும் கொடுக்கிறவனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது கேட்கிற கேள்வியா இது? ஊர் தவறாமல் "அப்படி யாரும் இல்லீங்க" என்றார்கள். எங்கள் பிரசிடெண்டும் அதையே சொன்னார். என் வீட்டுக்கு மூன்றாம் வீட்டுக்காரர் அவர்.

எழுந்துவிட்டேன். "இருக்கான். என் மகன்."

"ஒரு ஆளுக்காக டாக்டர் வர முடியுமா பாட்டி? உக்காருங்க" என்றார் அதிகாரி. ஹாலே சிரித்தது. மேடை ஓரத்தில் இருந்த மதுரை டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

வயிறெரிந்துபோய்த் திரும்புகால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பூக்கூடையோடு ஒருத்தி பக்கத்தில் வந்தாள். "ஆத்தா, என் தங்கச்சியும் அப்படித்தான். உள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்கோம்" என்றாள் காதோடு. பின்சீட்டிலிருந்து இன்னொருத்தி, "எங்க வீட்டுலயும்" என்றாள்.

"ஹால்ல வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக?"

"மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறோம் ஆத்தா. அந்தப் பையனோட பெரியப்பா முன்வரிசையில இருந்தாரு. நான் வாயத் தொறப்பனா?" என்றாள் பூக்காரி.

"எறங்குங்கடி" என்றேன்.

"பாட்டி, பஸ்ஸ எடுக்கப் போறேன்" என்று கத்தினார் கண்டக்டர்.

"எடுத்துக்கிட்டுப் போப்பா, பஸ்ஸ யாரு வேணாம்னா?"

டாக்டர் பள்ளிக்கூட வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் டம்ளரை வைத்துவிட்டு ஒரு வகுப்பறையைத் திறந்தார். ஒவ்வொருத்தியாக உள்ளே போனாள், கதவு சாத்தியே இருந்தது. கடைசியில் அவர் வெளியே வந்து, "நான் சர்க்காருக்கு எழுதிக் கேக்குறேன்மா" என்றார்.

இப்போது மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறார். போகிறவர்கள் எட்டு மணி பஸ்ஸிலேயே போய்விடுங்கள். கட்டுச்சோறு கொண்டுபோங்கள், மத்தியானம் ஆகிவிடும். நோயாளியை ஜன்னலோரம் விட்டு நீங்கள் இந்தப் பக்கம் உட்காருங்கள், புழுதி பட்டால் படட்டும். ஜனங்களின் கருத்தைக் கேட்க வருகிற அதிகாரிமார்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: மைக்கை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

டாக்டர் வந்த முதல் செவ்வாயே நானும் தங்கவேலுவும் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பிரசிடெண்டு தன் மச்சினனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மச்சினன் முகத்தைப் பார்த்தேன், பையன் நடுங்கிக்கொண்டிருந்தான். தங்கவேலுவைத் தள்ளி உட்காரச் சொல்லி, இரண்டு பேருக்கும் இடம் விட்டேன்.