யாழ் போட்ட காசு

அத்தான் காசு ரோலை உடைக்கும் சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. தடித்த தாளில் இறுக்கிச் சுற்றி வங்கியில் கொடுக்கும் ரோல் அது. மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டுவார். தாள் கிழிந்து காசெல்லாம் சிதறும். ஒன்றிரண்டு எப்போதும் கீழே விழுந்து குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் உருண்டு போகும். ஆற அமர இருந்து தாளைப் பிரித்திருக்கலாம்தான். ஆனால் ஆற அமர என்ற சொல்லுக்கும் என் அக்காவின் கணவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய் யன்னலைத் திறப்பார், திறந்த கையோடு குளிருது என்று பூட்டுவார். தொலைபேசி வந்தால் கதைத்து முடிப்பதற்குள் வீடு முழுக்க நடந்து முடித்திருப்பார். பொதிகள் கொண்டுபோய்க் கொடுக்கும் வான் ஓட்டுகிற வேலை அவருக்கு. ஒரு வாசலில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கத் தேவையில்லாத வேலை. இவருக்கென்றே யாரோ யோசித்து உண்டாக்கியிருக்கிறார்கள் என்று நான் பகிடி பண்ணுவேன்.

அப்போது நான் ஜெர்மனியில், வுப்பர்டாலில் அக்கா வீட்டில் தங்கித் தாதியாவதற்கான அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தேன். அக்காவுக்கு ஒரே மகன், என் பெறாமகன். இதயத்தில் ஒரு குறையோடு பிறந்தவன். பிறந்த சில நாட்களிலேயே அவனுக்கு ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. அன்று அக்கா ஆஸ்பத்திரியில் வைத்தே ஒரு காசைக் கைக்குட்டை நுனியில் முடிந்து, பிள்ளை பிழைத்தால் கோயிலில் கொண்டுவந்து போடுகிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தான். வீட்டுக்கு வந்ததும் காசை மஞ்சள் துணிக்கு மாற்றிச் சாமித்தட்டில் தொங்கவிட்டாள். பிறகு நம்மவர்களின் வழக்கப்படி எல்லாம் நடந்தது. இந்த வருடத் திருவிழாவுக்கு அத்தானுக்கு லீவு இல்லை, அடுத்த வருடம் பிள்ளைக்குக் காய்ச்சல், அதற்கடுத்த வருடம் கார் பழுது. அம்மன் எங்கே ஓடிவிடப் போகிறாள் என்ற தைரியத்தில் காசு தொங்கிக்கொண்டே இருந்தது.

பையன் மூன்றாம் வகுப்புக்குப் போன வருடம், இன்னொரு சத்திரசிகிச்சை தேவை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் நாள் குறித்து டெர்மின் கொடுத்தார்கள். அதற்கு முன் நேர்த்தியை முடித்துவிட வேண்டும் என்று அக்கா முழுகிவிட்டு வந்து மஞ்சள் துணியை அவிழ்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

எடுத்தவர் அத்தான்தான். அவசரமாகச் சுப்பர் மார்க்கெட்டுக்குப் புறப்பட்டபோது தள்ளுவண்டிக்குப் போட ஒரு சில்லறை கிடைக்கவில்லையாம். இங்கே காசு போட்டால்தான் வண்டியின் பூட்டுக் கழரும், வண்டியைத் திரும்ப விட்டதும் காசு கைக்கு வரும். வந்ததும் திருப்பி வைக்கலாம் என்று முடிச்சை அவிழ்த்திருக்கிறார். வெறுந்துணி அவிழ்ந்து கிடந்தால் பார்வைக்கு நன்றாக இராதே என்று அதைத் திரும்ப வடிவாக முடிந்தும் வைத்திருக்கிறார். வண்டியை விட்டபின் காசு பொக்கற்றுக்குள் போனது. பொக்கற்றிலிருந்து வழியில் இருந்த பேக்கரிக்குப் போனது. அத்தான் மறந்துபோனார். இத்தனை மாதமும் அக்கா ஒவ்வொரு வெள்ளியும் அந்த வெறும் முடிச்சுக்குத்தான் கற்பூரம் காட்டியிருக்கிறாள்.

அக்கா சத்தம் போடவில்லை. "வேற காசு போடலாம்தானே?" என்று அத்தான் கேட்டதற்கு, "அது யாழ் போட்ட காசு" என்று மட்டும் சொன்னாள். யூரோக் காசுகளின் ஒரு பக்கத்தில் நாட்டுக்கு நாடு வேறு படம், அயர்லாந்தின் காசுகளில் நரம்பிசைக் கருவி ஒன்று இருக்கும். உலகம் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தாலும் யாழ்ப்பாணத்தாள் ஒருத்தியின் கண்ணுக்கு அது யாழ்தான். அந்தரத்தில் கிடந்த நேரத்தில் கையில் அகப்பட்ட காசில் யாழ் இருந்ததை அவள் நல்ல சகுனமாக எடுத்திருந்தாள். எந்த வருடத்துக் காசு, எத்தனை யூரோக் காசு என்று அத்தான் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. "எடுத்தனீங்கள் நீங்கள். தேடுங்கோ. கண்டால் எனக்குத் தெரியும்."

சாமி, நேர்த்தி என்றால் சிரிக்கிற மனிதர் அடுத்த நாளே வங்கிக்குப் போனார். எதைத் தேடுவது என்பதுதான் முதல் பிரச்சினை. அயர்லாந்தில் எல்லாக் காசிலும் அதே யாழ்தான். செப்புக்காசுகளைத் தள்ளுவண்டி ஏற்காது, பத்தும் இருபதும்கூட அப்படித்தான். மிஞ்சியவை மூன்று: ஐம்பது சதம், ஒரு யூரோ, இரண்டு யூரோ. வான் சாவியைச் சுழற்றிக்கொண்டு அத்தான் குசினியில் மேலும் கீழும் நடந்து யோசித்தார். ஐம்பது சதத்தில் தொடங்குவதுதான் புத்தி என்று நான் சொன்னேன். இருபது யூரோவுக்கு ஒரு ரோல் வரும், ஒரு ரோலில் நாற்பது காசு இருக்கும், குறைந்த முதலில் நிறையப் பார்க்கலாம். அத்தான் என்னை ஒரு விசரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உம்மட அக்கா பெத்த பிள்ளைக்கு ஐம்பது சதம் நேருவாளோ? கோயில்ல செருப்புப் பாக்கிற பெடியனுக்கே ரெண்டு ஒய்ரோ குடுக்கிற மனுசி!"

ஆகவே ஒன்றும் இரண்டும் என்று முடிவாயிற்று. வங்கியில் இருந்த பெண், கடை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். அத்தான் கூசாமல் ஓம் என்றார். அவள் புத்தம் புதிய காசு ரோலை எடுத்து நீட்ட, "புதுசு வேண்டாம், பழசு தாங்கோ" என்று ஜெர்மன் மொழியில் கெஞ்சினார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ரோலுக்கும் வங்கிக்குத் தனிக்கட்டணம் வேறு. பார்த்து முடித்த காசுகளை அத்தான் ஊரெல்லாம் செலவழித்தார். பேக்கரிக்காரி அவரைக் கண்டதும் கல்லாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள்.

பின்னேரம் வேலையால் வந்ததும் தேடல் தொடங்கும். பையனும் பக்கத்தில் ஏறி இருந்துகொள்வான். ஓடக்கூடாது, பந்து அடிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்த பிள்ளைக்கு அது பெரிய விளையாட்டு. "அப்பா, இது ஸ்பெயின்! இது பின்லாந்து, குருவி ரெண்டு பறக்குது!" என்று கத்துவான். யாழ் வந்தால் இருவரும் ஒரே பாய்ச்சலில் அக்காவிடம் ஓடுவார்கள். அக்கா ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்ப்பாள். "இதில்லை." அடுத்த நாள் இன்னொன்று வரும். "இதுமில்லை." எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு காசைப்போல இன்னொரு காசு இருக்க, இவள் எதைக் கண்டு இல்லையென்கிறாள்? ஏதாவது ஒன்றை இதுதான் என்று சொல்லிவிட்டால் இவளுக்கு என்ன குறைந்துவிடும்? சத்திரசிகிச்சை நெருங்க நெருங்க வீட்டில் ஒருவருக்கும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கட்டில் விரிக்கும்போதுகூட அவன் வயதில் ஒரு பிள்ளையைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது யோசிக்கும்போது ஒன்று விளங்குகிறது. அந்த வாரங்களில்தான் அத்தான் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கதிரையில் தொடர்ந்து இருந்தார், அதுவும் மகனின் தோளோடு தோள் முட்ட. அக்கா பாத்திரம் கழுவுகிற சாட்டில் அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் அத்தானின் வங்கியில் ரோல் முடிந்துவிட்டது. இனி அடுத்த கிழமைதான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். அத்தான் குசினிக்குள் வந்து கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து ஊரான ஹாகனில் கூட்டாளி ஒருவர் உண்மையிலேயே கடை வைத்திருக்கிறாராம். அவருடைய வங்கி காலையில் திறந்ததும் வாங்கித் தருவாராம். "விடியப் போயிட்டு வாறன். நீங்கள் ரெண்டு பேரும் பிள்ளையோட போங்கோ. நான் காசோட நேர ஆஸ்பத்திரிக்கு வாறன்."

அக்கா குழாயைப் பூட்டினாள்.

"போக வேண்டாம். அது ஐம்பது சதம்."

அத்தானுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கோபம் வந்தது. "அப்ப ஏன் இவ்வளவு நாளும் வாயைத் திறக்கேல்லை? நான் விசரன்போல..."

"தேடேக்கை நீங்கள் வீட்டில இருந்தனீங்கள். அவனுக்குப் பக்கத்தில இருந்தனீங்கள். நான் ஏன் சொல்லோணும்?"

"ஐம்பது சதமோ? பிள்ளையின்ர உயிருக்கு ஐம்பது சதமோ நேந்தனீர்?"

"அண்டைக்குப் பேர்ஸ் உங்களிட்ட இருந்தது. நீங்கள் இல்லை. என்ர கோட் பொக்கற்றுக்குள்ள கிடந்தது அவ்வளவுதான்."

முதல் சத்திரசிகிச்சை நாளில் அத்தான் அங்கே இருக்கவில்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கதைப்பதில்லை. பிள்ளையை உள்ளே கொண்டுபோகும்போது எழுந்து போனவர், எல்லாம் முடிந்து பொழுதுபட்ட பிறகுதான் திரும்பி வந்தார் என்று அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறார். அக்கா ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அன்றும் அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அத்தான் வான் சாவியை மேசையில் வைத்தார்.

அடுத்த நாள் பிள்ளையைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கதவு வரைக்கும் போனது அத்தான்தான். பிறகு நாங்கள் மூவரும் நடைபாதையில் வரிசையாக இருந்தோம். அத்தான் கதிரையின் இரண்டு பக்கமும் பிடித்திருந்தார். கையை விட்டால் கால்கள் தம்பாட்டில் போய்விடும் என்று பயந்தவர் மாதிரி இருந்தது. அப்படியே இருந்தபடி, அக்காவைப் பார்க்காமலே சொன்னார்.

"அண்டைக்கு நான் விட்டிட்டு ஓடேல்லை. கீழ, கார் விடுற இடத்தில நிண்டனான். சுத்திச் சுத்தி நடந்தன். மேல வர ஏலாமக் கிடந்தது."

"தெரியும்" என்றாள் அக்கா. "யன்னலால தெரிஞ்சது. ஒருக்கா எண்டாலும் மேல பாப்பியள் எண்டு கையைக் காட்டிக்கொண்டு நிண்டனான்."

அத்தான் முகத்தைப் பொத்திக்கொண்டார். டொக்டர் வந்து எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொன்னபோதும் அவர் அழுதுகொண்டுதான் இருந்தார், டொக்டர் சொன்னது கேட்டதோ தெரியாது. பிள்ளை தேறியபின் கோயிலுக்குப் போய், அக்கா பேர்ஸில் கிடந்த ஒரு ஐம்பது சதத்தை எடுத்துப் போட்டாள். அதில் யாழும் இல்லை ஒன்றும் இல்லை.

பெறாமகனுக்கு இப்போது தாடி வைக்கிற வயது. போன மாதம் நான் இருக்கிற நான்காம் மாடி வீட்டுக்கு மூவரும் வந்துவிட்டுப் போனார்கள். அத்தான் பழையபடிதான். தேநீர் ஆறுவதற்குள் மூன்று தரம் எழும்பினார். படியிறங்கிப் போய், அக்காவும் மகனும் காரில் ஏறிய பிறகும் அவர் ஏறவில்லை. நான் கைகாட்டும் வரைக்கும் மழைக்குள் நின்று, தலையை நிமிர்த்தி ஒவ்வொரு யன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.