உருக வேண்டிய ஐஸ்

ஓய்வுபெற்ற மறுநாள் அதிகாலையிலும் போர்மன் ஐயா வேலைக்கு வந்துவிட்டார். மன்னார் பள்ளிமுனையில் எங்கள் ஐஸ் கொம்பனியின் இரும்புக் கேற்றுக்கு வெளியே, ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டியும் மறு கையில் ரோச் லைற்றுமாக நின்றார். முதல்நாள் பின்னேரம்தான் மாலை போட்டு, கேக் வெட்டி, சுவர் மணிக்கூடு ஒன்றும் கொடுத்து அவரை அனுப்பியிருந்தோம். காவலுக்கு நின்ற வாச்சர் என்னைப் பார்த்தார். நான் கேற்றைப் பார்த்தேன். ‘அனுமதி இல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது’ என்ற அறிவித்தல் அதில் தொங்கியது. அமோனியா வாயு ஓடும் இடம் என்பதால் அப்படியொரு விதி தேவை என்று நானே எழுதி, நானே கம்பியால் கட்டிய அறிவித்தல் அது. மேற்பார்வையாளராக ஐயாவின் இடத்துக்கு வந்தவளும் நான்தான். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. குளிரூட்டல் பொறிகளைப் பற்றிய டிப்ளோமாவும், எதையும் இலக்கமிட்டு எழுதும் பழக்கமும் என்னிடம் இருந்தன.

“கால் தன்ரபாட்டில வந்திட்டுது, பிள்ளை,” என்று சிரித்தார். “நீ உன்ர வேலையைப் பார்.” திரும்பி நடந்தார். சாப்பாட்டுப் பெட்டியை எங்கே இருந்து திறந்து சாப்பிட்டிருப்பார் என்று அன்று மத்தியானம் முழுவதும் யோசித்தேன்.

முப்பத்திரண்டு வருடங்கள் அவர் ஐஸ் செய்தவர். படகுகள் கடலுக்குப் போக முடியாமல் கிடந்த யுத்த காலத்திலும், துருப்பிடிக்கக் கூடாது என்று கிழமைக்கு ஒருநாள் வந்து இயந்திரத்தை ஓடவிட்டவர். உருகாத ஐஸ் என்பதே அவருடைய பெருமை. தொட்டியில் உறையும் தண்ணீருக்குள் குழாய் வழியாகக் காற்றை விட்டுக் குமிழ்களை வெளியேற்றி, கண்ணாடிபோல் இறுகிய கட்டிகளை எடுப்பார். காலையில் மீன் பெட்டிக்குள் போட்ட அந்தக் கட்டி, மோட்டார் சைக்கிளில் வெயிலோடு வெகுதூரம் ஓடி இலுப்பைக்கடவை போய்ச் சேரும்போதும் முக்கால்வாசி மிச்சம் இருக்கும் என்று மீன் வியாபாரிகள் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது அவர் முகத்தில் வரும் ஒளியை நான் வேறு எந்த உத்தியோகத்தரிடமும் கண்டதில்லை.

இரண்டு மாதம் போனபின் அவருடைய மனைவி என்னைத் தேடிக் கந்தோருக்கு வந்தார். நாங்கள் அவரை அன்ரி என்போம். கதிரையில் இருக்கவும் மறுத்துவிட்டார்.

“மகள், இவர் விடிய மூண்டரைக்கு எழும்பி உடுப்பு மாத்துறார். பிறகு கட்டில்ல இருக்கிறார். அப்பிடியே பத்து மணிமட்டும் இருக்கிறார். கதையில்லை, சிரிப்பில்லை. முந்தி மூண்டு தரம் குழம்பு கேக்கிற மனுசன், இப்ப சோத்துக் கோப்பையைத் தள்ளி வைக்கிறார். இப்பிடியே போனா ஒரு வருசம் தாங்கார்.”

அதற்கு முந்திய மாதம்தான் கொழும்பில் இரண்டு கிழமைப் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்திருந்தேன். பயிற்றுவித்தவர் எழுபது வயது தாண்டிய ஒரு ஜப்பானியப் பொறியியலாளர். ஏணியில் எங்களுக்கு முன்னால் ஏறிவிடுவார். கடைசி நாளில் பயிற்சியை ஒழுங்கு செய்தவர்கள் ஒரு படத்தைத் திரையில் காட்டினார்கள். ஒன்றையொன்று வெட்டும் நான்கு வட்டங்கள். நடுவில் இகிகாய் என்ற சொல். காலையில் எழும்புவதற்கு ஒரு மனிதருக்கு உள்ள காரணம் என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். அது இருப்பவர்கள் நீண்டகாலம் சந்தோசமாக வாழ்கிறார்களாம். வட்டங்களுக்குள் இருந்த கேள்விகளை அப்படியே என் கொப்பியில் எழுதிக்கொண்டேன். எங்கள் பயிற்சியாளர் மட்டும் படத்தை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, தன்னுடைய ஊரில் இப்படி வட்டம் எதுவும் கண்டதில்லை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லிச் சிரித்தார். அவருக்கு இகிகாய் என்பது வீட்டின் பின்புறம் நிற்கும் தக்காளிச் செடிகளாம். தான் போய்ப் பார்க்காவிட்டால் அவை கோபித்துக்கொள்ளும் என்றார். நாங்களும் சிரித்தோம். அதை நான் எழுதவில்லை. அது பாடக்குறிப்பாக எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் கொப்பியோடு ஐயாவின் வீட்டுக்குப் போனேன். அவர் சுவர் மணிக்கூட்டுக்கு எதிரே இருந்தார். நான்கு கேள்விகளையும் ஒழுங்காகக் கேட்டேன்.

“உங்களுக்குப் பிடிச்சது என்ன, ஐயா?”

“ஐஸ்.”

“உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச வேலை?”

“ஐஸ்.”

“சனத்துக்கு உங்களிட்ட இருந்து என்ன தேவை?”

“இந்த வெயிலுக்கு வேற என்ன? ஐஸ்தான்.” எதற்குக் காசு கிடைக்கும் என்ற நான்காவதை நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்: “அதுக்கும் ஐஸ் எண்டு எழுது, பிள்ளை. எழுதிப்போட்டு கேற்றைத் திற.”

அன்ரி குசினிக்குள் இருந்து சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு என்பதால் எனக்கும் உற்சாகம் வந்தது. ஜப்பானில் வயிறு எட்டுப் பங்கு நிரம்பியதும் எழும்பிவிடுவார்கள், அதனால்தான் நூறு வயது வரை வாழ்கிறார்கள் என்று அடுத்த குறிப்பை வாசித்தேன். அன்ரி அகப்பையோடு வெளியே வந்தார். “எட்டுப் பங்கோ? இந்த மனுசன் இப்ப ரெண்டு பங்குதான் சாப்பிடுறார். எட்டுக்கு ஏத்துறதுக்கு அந்தக் கொப்பியில ஏதும் கிடக்கோ?”

இருந்ததையெல்லாம் முயன்றுபார்த்தோம். தோட்டம் செய்யச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரின் உப்பில் கத்தரிக்கன்றுகள் ஒரு கிழமையில் கருகின. தேவாலயத்தின் பங்குச் சபையில் சேரச் சொன்னேன். முதல் கூட்டத்திலேயே நித்திரையாகிவிட்டார். காலையில் நடக்கச் சொன்னேன். கீரிக் கடற்கரைப் பக்கமாக நடப்பதாகத்தான் அன்ரியிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் ஒவ்வொரு நாளும் எங்கள் பின்மதிலோடு ஒட்டிக்கொண்டு நின்று கொம்பிரசர் ஓடும் சத்தத்தைக் கேட்பதை வாச்சர் கண்டுபிடித்தார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு வலித்ததும் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அப்படி ஒருநாள் மதிலடியில் நின்றவர், உள்ளே ஐஸ் உடைக்கும் மேடையில் நடப்பதைக் கண்டுவிட்டார். கட்டிகளை ஏற்றும்போது சிதறும் துண்டுகளை, வாச்சர் கண்ணில் படாமல் நுழைந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மீனுக்கான ஐஸ் அது. கொதிக்கவைத்த தண்ணீரில் செய்வதில்லை. அவருடைய காலத்தில் தடியோடு துரத்துவார். எங்கள் காலத்தில் தடியெடுக்க ஆளில்லை.

“என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?” என்று மதிலுக்கு மேலால் என்னைப் பார்த்துக் கத்தினார். “மீன் ஐசைத் தின்னுதுகள்! நாளைக்கு வயித்தாலடிச்சா ஆர் பொறுப்பு?”

“துரத்தினாலும் திரும்பி வருதுகள், ஐயா. வெயில். அதுகளுக்கு வேற என்ன கிடக்கு?”

அவருடைய தலை மதிலுக்குப் பின்னால் இறங்கியது. அதன்பிறகு மூன்று நாட்கள் மதிலடிக்கும் வரவில்லை. நான் அப்படிப் பதில் சொல்லியிருக்கக்கூடாது என்று நினைத்து நினைத்து, நான்காம் நாள் அன்ரியைப் போய்ப் பார்க்கத் தீர்மானித்தேன்.

போகத் தேவையில்லாமல் போய்விட்டது. நான்காம் நாள் காலை ஐஸ் வாங்கும் வரிசையில், மீன் வியாபாரிகளுக்கு நடுவே, சைக்கிளில் ஒரு நீலப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு அவர் நின்றார். கையில் காசு கட்டி வாங்கிய துண்டு; இலக்கம் ஆறு.

“என்ன போர்மன், கடலுக்கோ?” என்று வரிசையில் நின்ற மீனவர் ஒருவர் கேட்டார்.

“ஓம், நீ பிடிக்கிற மீனைப் பாத்தா நானே போகலாம் போலக் கிடக்கு.”

வாச்சர் ஓடிவந்து என்னிடம் சட்டம் கேட்டார். அனுமதி இல்லாதவர்கள் வரக்கூடாது, சரி; துண்டு வைத்திருப்பவர் அனுமதி இல்லாதவரா? இல்லை என்றேன். அறுபது வயது மனிதர் கேற்றைத் தாண்டி வந்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். நடக்கவில்லை, ஊர்வலம் வந்தார். மேடையில் தன் கட்டியைச் சுற்றிப் பார்த்து, விரலால் தட்டி, “நடு வெள்ளையாக் கிடக்கு. காத்துக் குழாய் அடைச்சிருக்கு. எனக்கு வேற கட்டி வேணும்,” என்றார்.

“அது நேற்றைய கட்டி, ஐயா. குழாயை விடியவே துப்பரவாக்கிட்டன்.”

கொஞ்சம் ஏமாந்துபோனார். பிறகு எல்லோருக்கும் கேட்க, “கெட்டிக்காரி,” என்று சொல்லிவிட்டு, புதுக்கட்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வாங்கிப்போனார்.

அவர் பிள்ளைகள் நக்கிச் சாப்பிடும் ஐஸ்பழம் செய்யத் தொடங்கியிருந்தார். உடைத்த ஐசோடு உப்பைக் கலந்தால் குளிர் பூச்சியத்துக்கும் கீழே இறங்கும். பீப்பாய்க்குள் அந்தக் கலவை. அதற்குள் அவரே ஒட்டிய அலுமினியக் குழாய்கள். குழாய்களுக்குள் கொதித்தாறிய தண்ணீரில் கலந்த தேசிக்காய்ச் சாறும் சீனியும். உப்புக்கு மன்னாரில் குறையா? முதல் ஈடு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடியும் நேரத்துக்குத் தயாராக இருந்தது. பிள்ளைகள் வரிசையில் வந்து வாங்கினார்கள். நக்கினார்கள். மறுபடி நக்கினார்கள். ஒருவர் முகத்திலும் மாற்றமில்லை. ஒரு சின்னப்பிள்ளை கடித்துப்பார்த்து, ஆடிக்கொண்டிருந்த பல்லைக் கையில் எடுத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

முப்பத்திரண்டு வருடப் பழக்கம் செய்த வேலை அது. காற்றில்லாமல் கலக்கிக் கலக்கி, ஆறுதலாக உறையவைத்து, உருகவே மாட்டாத ஐஸ்பழத்தை அவர் செய்திருந்தார். அப்படி மெதுவாக உறையும் ஐஸ் சீனியையும் புளிப்பையும் நடுவுக்குத் தள்ளிவிடும். வெளியே வெறும் கண்ணாடி. அரை மணித்தியாலம் நக்கினால்தான் தேசிக்காய் வரும்.

“இதை இலுப்பைக்கடவைக்கு அனுப்புங்கோ,” என்றார் அன்ரி. “அங்க போய்ச் சேரேக்க சாப்பிடலாம்.”

அவர் கோபப்படவில்லை. ஒரு ஐஸ்பழத்தைக் கையில் வைத்து, வெயிலில் அது மசியாமல் நிற்பதை வெகுநேரம் பார்த்தார். “பிள்ளை,” என்றார் கடைசியில், “நல்லா உருகிற ஐஸ் எப்பிடிச் செய்யிறது? எனக்குத் தெரியாது.”

எனக்கும் தெரியாது. அன்று பின்னேரம் இருவரும் அவருடைய குசினியில் இருந்து தேடினோம். என் கொப்பியில் புதுப் பக்கம் ஒன்று திறந்தேன். சீனியை இரண்டு மடங்காக்கியது ஒன்று, கொஞ்சம் உறைந்ததும் அடித்துக் கூழாக்கி ஊற்றியது இரண்டு, உப்பைக் கூட்டி விரைவாக உறையவைத்தது மூன்று. ஏழாவதில் அன்ரி கடித்து, கண்ணை மூடி, “ம்” என்றார். அன்றிரவு ஐயா மூன்றுதரம் குழம்பு கேட்டதாக மறுநாள் எனக்குச் செய்தி வந்தது.

அந்தத் தக்காளிச் செடிகள் எனக்குப் புரிந்தது அதற்கும் பிறகுதான். நான் அவருக்கு ஒரு பெரிய பதிலைத் தேடி அலைந்தேன். அவருக்குத் தேவைப்பட்டது, தான் போகாவிட்டால் கோபித்துக்கொள்ளக்கூடிய சில பேர். ஒரு ஞாயிறு காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று பன்னிரண்டு பிள்ளைகள் வீட்டு வாசலில் வந்து நின்று அன்ரியிடம் நியாயம் கேட்டார்களாம். காய்ச்சலோடு எழும்பி வந்து மன்னிப்புக் கேட்டாராம்.

இப்போது நான் கொழும்பில் குளிர்க் களஞ்சியங்கள் வடிவமைக்கிறேன். கூட்டங்களில் யாராவது அந்த நான்கு வட்டங்களைத் திரையில் காட்டும்போது கை தட்டுகிறேன். அதில் பிழை ஒன்றும் இல்லை. போன மாதம் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது, ஐயாவோடு அவசரமில்லாமல் ஆறுதலாக இருந்து கதைக்க வேண்டும், பழைய கதைகளைக் கேட்டு எழுத வேண்டும் என்று நினைத்துப் பள்ளிமுனைக்குப் போனேன். மெலிந்திருந்தார்; கை மட்டும் முன்னைப்போலவே வேகமாக ஓடியது. இப்போது மூன்று பீப்பாய்கள். ஒன்றில் பழைய தேசிக்காய், ஒன்றில் புளி, ஒன்றில் இஞ்சி. சைக்கிளில் கயிறு கட்டியபடியே என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார்.

“வா பிள்ளை, எப்ப வந்தனீ? குறை நினையாத, ரெண்டாம் பூசை முடியப்போகுது. பின்னேரம் வா, இருந்து கதைப்பம்.”

சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கையால் போய்விட்டார். அன்ரி என்னை இருத்தி, என் வயிற்றில் பத்துப் பங்கும் நிரம்பும்வரை சாப்பாடு போட்டார்.

பின்னேரமும் போனேன். அப்போதும் அவருக்கு நேரமில்லை.