ஆர்க் பந்தய ஞாயிறு

நாங்கள் அமெரிக்காவில் இர்விங் நகரில் இருந்தபோது, வருடத்தில் ஒரே ஒரு ஞாயிறு மட்டும் சர்ச்சில் காலைப் பூசைக்குப் போக மாட்டோம். அது அக்டோபர் முதல் ஞாயிறு. அன்று பாரிஸில் ஆர்க் குதிரைப் பந்தயம். அங்கே மாலையாகும்போது டெக்சஸில் எங்களுக்குக் காப்பி நேரம். மற்ற வீடுகளில் அப்பாக்கள் கிரிக்கெட் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் அம்மா குதிரை பார்த்தார். ஆண்டவர் சாயங்காலப் பூசைவரை காத்திருப்பார் என்பது அப்பாவின் சமாதானம்.

அம்மா சென்னையில் கால்நடை மருத்துவம் படித்து, பந்தயக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். கல்யாணமாகி இங்கே வந்தபின் ஒரு பூனையைக்கூட அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பந்தயத்தின் சரித்திரம் முழுக்க அவருக்கு அத்துப்படி. முதல் உலகப் போர் முடிந்தபின் தொடங்கியது, இரண்டாயிரத்து நானூறு மீட்டர் ஓட்டம், எந்தக் குதிரையும் மூன்று முறை ஜெயித்ததில்லை என்றெல்லாம் எனக்குத் தலைவாரிக்கொண்டே சொல்வார்.

எனக்கு எட்டு வயதான வருடம் த்ரேவ் என்ற பெண் குதிரை ஓடியது. முந்தைய வருடம் ஜெயித்த குதிரைதான். ஆனால் அந்த வருடம் ஓடிய இடமெல்லாம் தோல்வி. இனி அவ்வளவுதான் என்றார்கள்.

"பொண்ணு குதிரை தொடர்ந்து ரெண்டு வருஷம் ஜெயிச்சது, ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான்டி. இன்னிக்கு இவ என்ன பண்ணப்போறா பாரு!" என்றார் அம்மா.

த்ரேவ் உள்பக்க வேலியோரமாகப் பாய்ந்து வந்து ஜெயித்தது. அம்மா சோபாமேல் ஏறிக் கத்தியதில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

அன்று மதியம் அப்பாவின் ஆபீஸ் நண்பருடைய பையனுக்குப் பார்க்கில் பிறந்தநாள். பிள்ளைகள் சவாரி செய்ய ஒரு குட்டைக் குதிரையை வரவழைத்திருந்தார்கள். அம்மா காலையில் நடந்த பந்தயத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும், பையனின் அம்மா, "ஐயோ, ரேஸா? அதுல பெட் கட்டுவாங்களே!" என்று சிரித்தார். அம்மா குட்டைக் குதிரையின் முன்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறந்தநாள் பையன் மேலே உட்கார்ந்திருக்க, குதிரை திடீரென்று நின்றுவிட்டது. குதிரைக்காரர் கயிற்றை இழுத்தார். அது தலையை உதறிப் பின்வாங்கியது, பையன் அலறினான்.

"ஸ்டாப்! டோன்ட் புல்!" என்று அம்மா ஓடினார்.

"உதைக்கப்போகுது, தள்ளி வா!" என்று அப்பா பின்னாலேயே போனார்.

"நீங்க பையனைப் பிடிங்க." அவனை இறக்கி அப்பா கையில் கொடுத்துவிட்டு, அம்மா குதிரையின் தோளில் சாய்ந்து, காலை மேலிருந்து கீழாகத் தடவி, குளம்பைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே கூர்மையான கல் ஒன்று ஆழமாகச் சிக்கியிருந்தது. குதிரைக்காரரிடம் கொக்கி வாங்கி அதை நெம்பி எடுத்தார். குதிரை காலை ஊன்றிப் பார்த்தது. பிறகு நடந்தது.

குதிரைக்காரர் தொப்பியைக் கழற்றினார். "உங்கள் கிளினிக் எங்கே, டாக்டர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா சும்மா சிரித்தார். அப்பா புல்தரையைப் பார்த்தார். அதற்குள் நான், "மை மாம் இஸ் எ ஹார்ஸ் டாக்டர்!" என்று பார்க் முழுக்கக் கேட்கும்படி கத்தி, ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்த் தனித்தனியாகவும் சொல்லிவிட்டு வந்தேன். கேக் வெட்டியது எனக்கு நினைவில்லை. அவ்வளவு பெருமை.

ஃப்ரீவேயில் வீடு திரும்பும்போதும் அம்மா கையைக் கழுவியிருக்கவில்லை. வழியெல்லாம் உள்ளங்கையை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்துகொண்டே வந்தார். நான் பின்சீட்டிலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சீ, அம்மா, யக்!" என்றேன்.