கூடையை விட்டு எடுத்த குழாய்

எனக்கு வட்டம் போட வரும். காம்பஸ் இல்லாமல், கரும்பலகையில், ஒரே இழுப்பில். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டராக இருந்த எனக்குக் கர்வப்பட்டுக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நான் பண்ணிய காரியத்தை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

யுத்த காலம். ஜப்பான்காரன் முதலில் மெட்ராஸில் குண்டு போடுவான், அப்புறம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் போடுவான், குறி தப்பினால் நம் தலையில் போடுவான் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. தெருவுக்குத் தெரு ஏ.ஆர்.பி. என்று குண்டுவீச்சுப் பாதுகாப்புத் தொண்டர் படை சேர்த்தார்கள். எங்கள் தெருப் படைக்கு நான் தலைவன். திறமை பார்த்துக் கொடுத்த பதவி இல்லை. யார் தலைவராக இருக்கிறீர்கள் என்று கேட்டபோது மற்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், நான் ஒருவன்தான் அசட்டுத்தனமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். கொடுத்த இரும்புத் தொப்பி என் குடுமிமேல் சரியாக உட்காராமல் எப்போதும் முன்பக்கமாகச் சரிந்து மூக்கில் இடிக்கும். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் பெண்டுகள் ஜன்னலில் வந்து நின்று சிரிப்பார்கள். எங்கள் படைக்குப் "பம்பு கோஷ்டி" என்று பேர் வைத்தது அந்தச் சிரிப்புதான்.

பம்பு என்றால் கைப்பம்பு. தண்ணீர் நிறைந்த வாளிக்குள் அதை நிறுத்தி, வாளிக்கு வெளியே இருக்கும் மிதியைக் காலால் அழுத்திக்கொண்டு, பிடியை மேலும் கீழும் அடிக்க வேண்டும். அதோடு முப்பதடிக்கு ஒரு ரப்பர் குழாய். குழாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் நெருப்பை நோக்கி ஓட வேண்டும். இதையெல்லாம் திருச்சியில் வாங்கி, ஜட்காவில் வைத்து, காவேரிப் பாலம் வழியாக நானே கொண்டு வந்தேன். வழியெல்லாம் குழாயை மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

ஆனால் அந்தக் குழாய் படுத்திய பாடு இருக்கிறதே! சுருட்டி வைத்தால் ஒழுங்காக இருக்கும். எடுத்து இழுத்தால் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும், மடங்கும், மடங்கின இடத்தில் தண்ணீர் நின்று போகும். முதல் ஒத்திகையில் நாங்கள் நாலு பேரும் நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து சிக்கெடுத்ததுதான் மிச்சம். "அவசரமில்லை மாஸ்டர், ஜப்பான்காரனைக் காப்பி சாப்பிட்டுட்டு வரச் சொல்லியிருக்கு" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. வீட்டுக்கு வந்து குழாயைக் கூடத்து மூலையில் விட்டெறிந்தேன்.

என் மனைவிதான் அதை எடுத்தாள். அவள் தையல் நூலைச் சுற்றுவது ஒரு தினுசு. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் எட்டு எட்டாகப் போட்டுச் சுற்றுவாள். அன்றைக்கு ஒரு முக்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் இரண்டு கால்களைச் சுற்றி அதே எட்டாகக் குழாயைப் போட்டாள். பம்பில் மாட்டுகிற முனை அடியில், தண்ணீர் பீச்சுகிற முனை மேலே. அப்படியே அலுங்காமல் தூக்கி, கோடையில் மாம்பழம் வந்த மூங்கில் கூடைக்குள் இறக்கினாள்.

"இழுங்கோ பார்ப்போம்" என்றாள்.

இழுத்தேன். முப்பதடியும் ஒரு சிக்கில்லாமல் சரசரவென்று வந்தது.

"வட்டமாச் சுத்தினா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முறுக்கு ஏறிண்டே போறது. எட்டாப் போட்டா இந்தப் பக்கம் ஏறினது அந்தப் பக்கம் எறங்கிடறது. அவ்வளவுதான், இதுக்குப் போய் குழாயை வைவானேன்?" என்றாள்.

அடுத்த ஒத்திகையில் தண்ணீர் மச்சு வரைக்கும் பாய்ந்தது, தெருவே கை தட்டியது. திருச்சியிலிருந்து பார்க்க வந்த அதிகாரி, "கூடை யாருடைய யோசனை?" என்று கேட்டார். "எல்லாம் நாங்களா யோசிச்சதுதான் சார்" என்றேன். "நாங்கள்" என்பதில் அவளும் அடக்கம் என்று மனசுக்குள் சமாதானம் செய்துகொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. பம்புக்கும் பூஜை போட வேண்டும் என்று படையில் இருந்தவர்கள் ஆசைப்பட்டார்கள். எங்கள் கூடத்திலேயே பலகை போட்டு, கோலம் போட்டு, பம்பைத் துடைத்து நிறுத்தினோம். பக்கத்தில் அந்தக் கூடை. பழைய வைக்கோல் ஒட்டிக்கொண்டு, ஒரு பக்கம் பிய்ந்து, குப்பைக்கூடை மாதிரி இருந்தது. டிராயிங் மாஸ்டர் வீட்டுப் பூஜையில் இதுவா? குழாயை வெளியே எடுத்தேன். நடுவில் ஒரு புள்ளி வைத்து அதிலிருந்து சுற்றிச் சுற்றி, இடைவெளி இல்லாமல், தட்டையாக ஒரு பெரிய வட்டம் போட்டேன். அவிழாமல் இருக்க எட்டு இடத்தில் மஞ்சள் நூலால் இறுக்கிக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் இரட்டை முடிச்சுப் போட்டேன். நடுவில் சந்தனம், குங்குமம். பார்த்தவர்கள் எல்லாரும் "ஆஹா, ஜாங்கிரி தோத்துது!" என்றார்கள்.

அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏன்னா, அதைக் கலைக்காதேங்கோ. கூடையோடேயே பொட்டு வெச்சாப் பெருமாள் வேண்டாம்பாரா?"

"கூடைக்கா பூஜை? உன் வேலையைப் பார்த்துண்டு போ."

"நடுவிலே ஏதாவது ஆச்சுன்னா?"

"பூஜையிலே வெச்ச ஆயுதத்தை நாளைக்குக் காலம்பர வரைக்கும் தொடப்படாது. ஜப்பான்காரனுக்கும் அது தெரியும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பின்பக்கத்துச் சந்திலிருந்து கூச்சல் வந்தது. எங்களுக்குப் பால் ஊற்றுகிறவரின் மாட்டுக் கொட்டகை. கொசுவுக்குப் போட்ட மூட்டத்திலிருந்து பொறி பறந்து வைக்கோலில் பிடித்துவிட்டது. மாட்டை அவிழ்த்து விரட்டிவிட்டார்கள். கன்றுக்குட்டி உள் மூலையில் கட்டியிருந்தது. கொட்டகைக்கும் எங்கள் வீட்டுக்கும் ஐம்பது தப்படி இருக்காது.

நான் கூடத்துக்கு ஓடினேன். முடிச்சு அவிழவில்லை. கத்தி, அரிவாள்மணை, கத்தரிக்கோல், வெட்டுகிற வஸ்து எல்லாம் என் எதிரேயே பொட்டு வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தன. தொடலாமா கூடாதா என்று ஒரு க்ஷணம் நின்றேன். உயிர் போகிற நேரத்தில் ஆசாரம் பார்த்தேன்! கடைசியில் பல்லால் கடித்து நூலை அறுத்தேன், எட்டு இடத்தில். வாயெல்லாம் மஞ்சளும் ரப்பர் நாற்றமும். சந்துக்குக் கொண்டுபோய் வாளியில் பம்பை வைத்து ஒருத்தர் அடிக்க ஆரம்பிக்க, நான் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். என் அழகான வட்டம் பத்தடிக்குள் முறுக்கிக்கொண்டது. அஞ்சாறு இடத்தில் மடங்கியது. நுனியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அங்கே பம்பை ஓங்கி ஓங்கி அடிக்க, பம்பு வாயிலேயே குழாய் கழன்று, வாளித் தண்ணீர் எல்லாம் அடித்தவர் மேலேயே கொட்டியது. நான் மடிப்பை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தேன். உள்ளே கன்றுக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. நான் நீவி முடிப்பதற்குள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

ஜனங்கள் குடம் குடமாகக் கொண்டுவந்து கொட்டி நெருப்பை அணைத்தார்கள். பால்காரர் சம்சாரம் புழுதியில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார்:

"ஏன் சாமி, அன்னிக்கு ஜோராப் பாஞ்சுதே, இன்னிக்கு என்ன ஆச்சு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலையில் இரும்புத் தொப்பி, கையில் காலிக் குழாய்.

"ஆத்துலே பொம்மனாட்டிகள் பூஜைக்குன்னு எடுத்துக் கண்டபடி சுத்தி வெச்சுட்டா" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினால், இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு அவள் நிற்கிறாள். பால்காரர் சம்சாரம் அழுகையை நிறுத்திவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தாள். என் மனைவி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பூஜை செய்தபோது பார்த்திருந்த படைக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள். அவர்களும் என் பொய்யை மறுக்கவில்லை. ஜாங்கிரி தோற்றது என்று சொன்ன வாய்கள்தானே.

ராத்திரி சாதம் போடும்போது, "வாய் தவறி வந்துடுத்து" என்றேன்.

"வாய் தவறலே. எங்கே போனாப் பொழைச்சுக்கலாம்னு அதுக்கு நன்னாத் தெரிஞ்சிருந்தது" என்றாள். ரசம் ஊற்றிவிட்டு, "அந்தக் கன்னு பொறந்தப்போ முதல் சீம்பால் அவ எனக்குத்தான் கொண்டு வந்தா. நானே போய் நெஜத்தைச் சொன்னா ஆம்படையானைப் பொய்யனாக்கினவள்னு ஆகும். எனக்கு அது வேண்டாம். நீங்களே சொல்லுங்கோ" என்றாள்.

"நாளைக்கே சொல்றேன்" என்றேன்.

மறுநாளிலிருந்து எங்களுக்குப் பால் வரவில்லை. அவள் இடுப்பில் எங்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வடக்கே மூணு தெரு தள்ளிப் போய்ப் பால் வாங்கி வந்தாள். அம்மா மண்டபத்துப் படித்துறையில் பெண்டுகள், "கன்னுக்குட்டியை எரிச்ச மாமி" என்று அவள் காதுபடப் பேசினார்களாம். அதற்கப்புறம் அவள் காவேரிக்கே போகவில்லை, கிணற்றடியில் குளித்தாள். எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. ஸ்கூலில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். தீபாவளி கழியட்டும் என்றேன். கார்த்திகை போகட்டும் என்றேன். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் ஓயட்டும் என்றேன். அவள் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள். கடைசியில், "மாட்டுப் பொங்கலுக்குள்ளே சொல்லிடுங்கோ. அன்னிக்கு அவா வீட்டுலே கன்னு இருக்காது" என்றாள். அதற்கு மேல் தள்ளிப் போட எனக்கே முகம் இல்லை.

போகிக்கு முதல் நாள் போனேன். புதுக் கொட்டகை போட்டிருந்தார்கள். பால்காரர் எழுந்து நின்று, "வாங்க சாமி" என்று கயிற்றுக் கட்டிலைத் தட்டிவிட்டார். அவர் சம்சாரமும் வந்து நின்றாள். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

"அன்னிக்கு அந்தக் குழாய் விஷயமா..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க சாமி" என்றார் அவர். "அம்மா தெரியாமச் செஞ்சதுக்கு நீங்க வந்து நிக்கணுமா? பொம்பளைங்களுக்கு அதெல்லாம் என்னங்க தெரியும்?"

அவர் சம்சாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவங்களுக்காக நீங்க படியேறி வந்தீங்களே, அதுவே போதுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்கல. அம்மாவை வரச் சொல்லுங்க."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நான்தான் சுற்றினேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என்னைப் பெரிய மனுஷனாக நினைத்து இரண்டு பேர் கைகட்டி நிற்கிறார்கள். "ஆமாம்" என்றேன். ஒரு சொம்பு நிறையப் பால் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

சொம்பைப் பார்த்ததும் அவள் ஓடி வந்தாள். "சொல்லிட்டேளா?"

"சொல்லிட்டேன்."

அவள் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் எப்படி எழுதுவேன்! எனக்கு ஒரு நமஸ்காரம் பண்ணினாள். பாவி, நான் நின்று வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு அந்தப் பாலில் பாயசம் வைத்தாள். மறுநாள் விடிந்ததும் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, அந்தச் சொம்பைத் தேய்த்து எடுத்துக்கொண்டு, எத்தனையோ நாளைக்கு அப்புறம் முன்வாசல் வழியாக நிமிர்ந்து நடந்து அந்தச் சந்துக்குப் போனாள். தடுக்க வேண்டும் என்று தோன்றியது. திண்ணையில் உட்கார்ந்தே இருந்தேன்.

திரும்பி வர வெகு நேரம் ஆகவில்லை. அடுப்படிக்குப் போய்க் காப்பி கலந்து கொண்டுவந்து என் எதிரில் வைத்தாள்.

"அவ என்னை மன்னிச்சுட்டாளாம்" என்றாள். "எனக்காக நீங்க வந்து மன்னிப்புக் கேட்டேளாம். இப்படி ஒரு ஆம்படையான் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்னு சொன்னா."

அப்போதும் பாருங்கள், எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"ஆமாம்னேன்" என்றாள்.