ராகு காலத்தில் இறங்கியவர்

துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் இறங்கி வேலை செய்கிறாரே டைவர், அவர் அங்கே எதைப் பார்க்கிறார் என்று நினைக்கிறீர்கள்? மீனையா, முத்தையா, கடல்கன்னியையா?

ஒன்றையும் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்கிறார். சேறும் எண்ணெயும் கலந்த அந்தத் தண்ணீரில் கண் திறந்தாலும் இருட்டு, மூடினாலும் இருட்டு. திறந்து வைத்தால் புத்தி கண்ணுக்குப் போய்விடும், விரலுக்கு வராது. ராயபுரத்து இன்னாசி காற்றுக் குழாய் வைத்த செம்புக் குல்லாவை மாட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடம் இப்படித்தான் இறங்கினார். கப்பல் விசிறியில் சுற்றிய கம்பியை விரலால் தடவியே அறுத்தார். அந்த இருபத்திரண்டு வருடத்தில் கடலுக்குள் அவர் பார்த்த பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது.

1969 ஜனவரியில் நகரத்துக் கல்லூரி ஒன்றின் பேராசிரியர், மண்டபத்துக்கு அப்பால் உள்ள தீவுகளில் பவளப்பாறைகளை ஆராய ஏற்பாடு செய்தார். முதுகில் கட்டிக்கொண்டு இறங்கும் காற்று சிலிண்டர்கள் வெளிநாட்டிலிருந்து ஆறு வந்திருந்தன. கூடவே ஒரு ஆங்கிலப் புத்தகமும் வந்திருந்தது. உபயோகிக்கத் தெரிந்த ஆள் மட்டும் வரவில்லை. துறைமுகத்தை ஆள் கேட்டார்கள். துறைமுகம் இன்னாசியை அனுப்பியது. மாணவன் ஒருவன் புத்தகத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, இன்னாசி இரண்டே நாளில் கற்றுக்கொண்டு, பேராசிரியருக்கும் இரண்டு மாணவர்களுக்கும் நீச்சல் குளத்தில் சொல்லிக்கொடுத்தார். ஒரு மாணவன் வாந்தி எடுத்தான். மற்றபடி மூவரும் தேறினார்கள்.

பயணத் திட்டக் கூட்டம் சனிக்கிழமைதோறும் பேராசிரியர் அறையில் நடந்தது. நான்கு நாற்காலிகள். மூன்றில் மூவர் உட்கார்ந்தார்கள், நான்காவதில் வரைபடங்கள் உட்கார்ந்தன. ஆசிரியரான இன்னாசி அலமாரி ஓரம் நின்றார். தட்டச்சு செய்த தாளில் நீரில் இறங்குவோர் மூன்று பேர். அதற்குக் கீழே, 'கயிறு பிடிக்க, சாமான் தூக்க: கூலியாள் ஒருவர்.' ஆறு சிலிண்டரும் மூன்று பேருக்குத் தலா இரண்டு. மண்டபத்தில் காற்று நிரப்ப வசதி கிடையாது.

அங்கே கடற்காற்று எத்தனை மணிக்கு எழும்பும் என்று இன்னாசி கேட்டார். தாளில் அது இல்லை. ராகு காலம் இருந்தது, ஆறு நாளைக்கும், சிவப்பு மையில். முதல் இறக்கம் வெள்ளிக்கிழமை. பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம் என்பதால் பன்னிரண்டேகாலுக்குக் குறித்திருந்தார்கள். விலங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர் போட்ட திட்டம் அது.

அன்று மாலை இன்னாசி மனைவி ஃப்ளோரன்ஸிடம் விஷயத்தைச் சொன்னார். சாமான் தூக்க அவ்வளவு தூரம் போகவேண்டுமா என்று அவள் கேட்டாள்.

"தூக்கறதுக்கு இல்ல. பாக்கறதுக்கு."

"அங்க இன்னா கீது?"

"தெரிஞ்சா ஏன் போறேன்?"

அடுத்த சனிக்கிழமை அவர் அலமாரி ஓரத்திலிருந்து துறைமுகத்து முறையை எடுத்துச் சொன்னார். கீழே போகிறவருக்குக் கயிறு பிடிப்பவர் ஒரு தடவையாவது அதே தண்ணீரில் தானும் இறங்கி வந்திருக்க வேண்டும். அவருக்கு மற்றவர் கயிறு பிடிக்க வேண்டும். மேலே இழுக்கும் இழுப்பு கீழே எப்படித் தெரியும் என்று கை அறிந்திருக்க வேண்டுமே. இன்னாசியும் அவருடைய கயிறுகாரர் தவசிமுத்துவும் முதல் நாளே அப்படி மாறி மாறி இறங்கியவர்கள்.

"நான் ஒரு தபா எறங்கி வரணும் சார். நீங்க கயிறு புடிக்கணும். அப்பாலதான் உங்க கயித்த நான் தொடுவேன்."

ஒரு சிலிண்டர் வீணாகுமே என்றார் பேராசிரியர். இந்த விதி புத்தகத்தில் இருக்கிறதா என்றும் கேட்டார்.

"புக்ல கயிறே இல்ல சார்."

வாந்தி எடுத்த மாணவன், கயிறு கட்டாயம் வேண்டும் என்றான். பேராசிரியர் தாளைப் புரட்டினார். நேரமே இல்லையே என்றார்.

"பத்தரைலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் சும்மாதான கீது?"

"அது ராகு காலம்ப்பா. உனக்குப் பரவாயில்லையா?"

"துறைமுகத்துல பஞ்சாங்கம் பாத்துகினு கப்பல் வர்றதில்ல சார்."

ஆறு சிலிண்டரில் ஒன்று இன்னாசிக்கு என்று பென்சிலால் எழுதப்பட்டது. தவசிமுத்துவுக்கு இது தாங்கவில்லை. "இருவத்திரெண்டு வருசமா முங்கறது போதாதா மாமு? லீவு போட்டுகினு போயி முங்கணுமா?" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் படகிலிருந்து இன்னாசி இறங்கினார். மூன்று ஆள் ஆழம். கால் மணலைத் தொட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம், தண்ணீரில் தலை முங்கியதுமே கண்ணை மூடிக்கொண்டவர் அப்படியே தடவ ஆரம்பித்தார். பத்து நிமிடம் போனது. விசிறி இல்லை, சங்கிலி இல்லை, இரும்புத் தகடு இல்லை. விரல்கள் குழம்பின. பிறகு உள்ளங்கையை ஏதோ கீறியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: மூடிய இமைக்குள் இருட்டாக இல்லை, சிவப்பாக இருந்தது. வெளியே வெளிச்சம்.

கண்ணைத் திறந்தார்.

முதலில் தெரிந்தது அவருடைய சொந்தக் கை. வேலையில் இருக்கும்போது அதை அவர் பார்த்ததே இல்லை. அதற்கு அப்பால் புளியந்தோப்புக் கடையில் வைத்திருக்கும் ஆட்டுமூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பாறை, படகளவு பெரியது. ஊதா நிறத்தில் கொம்பு கொம்பாக இன்னொன்று. கறுப்புப் பட்டை போட்ட மஞ்சள் மீன் ஒன்று அவர் முகக் கண்ணாடிக்கு எதிரே வந்து நின்று, யார் இந்த ஆள் என்று பார்த்தது. மேலிருந்து நான்கு இழுப்பு வந்தது. மேலே வா என்று அர்த்தம். இன்னாசி ஒரே ஒரு இழுப்பு பதில் கொடுத்தார். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். கயிற்றுக்குக் கீழ்ப்படியாதது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

பன்னிரண்டேகாலுக்கு நல்ல நேரம் வந்தது. காற்றும் வந்தது. கடல், அரிசி கழுவிய தண்ணீராகிவிட்டது. மூவரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, தத்தம் முகக் கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டு ஏறினார்கள். மற்ற நாட்களிலும் காற்று இரவு பகல் அடங்கவில்லை. கடைசி நாள் இன்னாசியை உட்காரவைத்து, கண்டதையெல்லாம் சொல்லச் சொன்னார்கள். மாணவன் நான்கு பக்கம் எழுதிக்கொண்டான். உட்கார நாற்காலி கொடுத்தது அன்றுதான்.

மறுவருடம் அறிக்கை அச்சாகி வந்தது. துறைமுக அலுவலக குமாஸ்தா ரஷீது அதை இன்னாசிக்குத் தமிழில் படித்துச் சொன்னார். ஒன்பதாம் பக்கத்தில் மடிப்புப் பாறை, ஊதாக் கொம்பு, மஞ்சள் மீன், எல்லாம் இருந்தன. 'நாங்கள் கண்டோம்' என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் உள்ளூர்க் கூலியாள் ஒருவருக்கு நன்றி. ராயபுரத்துக்காரரை மண்டபத்துக்கு உள்ளூர் ஆக்கியிருந்தார்கள்.

ஒரு மனு எழுதித் தருவதாக ரஷீது சொன்னார். இன்னாசி வேண்டாம் என்றார். ஒன்றை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டார்.

"அந்த மஞ்ச மீனு என்னத்தான் பாத்துது பாய். அவுங்கள பாக்கல."

மாற்ற முடியாது, அச்சாகிவிட்டது என்றார் ரஷீது. இன்னாசி எழுந்து வேலைக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார். ஓய்வு பெறும்வரை இறங்கினார்.

அந்த அறிக்கை உங்கள் கல்லூரி நூலகத்தில் இருந்தால் ஒன்பதாம் பக்கத்தைத் திறங்கள். 'நாங்கள்' என்று வரும் இடத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் 'இன்னாசி, ராயபுரம்' என்று எழுதுங்கள். நூலகர் வந்து கேட்டால், பிழை திருத்துகிறேன் என்று சொல்லுங்கள்.