ஊசிப் பெட்டியில் மாத்திரைகள்

தையல் கம்பெனிகளில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்த மெஷின் நின்றாலும் முதலில் எண்ணெய்க் குப்பியைத்தான் கையில் எடுப்பாள். அதனால் எண்ணெய் அக்கா. இருபத்திரண்டு வருடமாகத் தையல் மெஷின் மெக்கானிக். "எண்ணெய் அக்கா வந்தாச்சு, இனிமே ஊமை மெஷினும் பேசும்" என்பார்கள் தைக்கிற பெண்கள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரை தவறாத வரை அது இருக்கிற இடமே தெரியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் வெளியூர் வேலைக்குப் போன இடத்தில், வேலை மும்முரத்தில் இரண்டு வேளை மாத்திரையை விட்டுவிட்டாள். மறுநாள் மெஷின்களுக்கு நடுவே விழுந்து நெற்றியில் ஏழு தையல். அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஓடி வந்து கூட்டிக்கொண்டு போனார். "ஊர்த் துணியெல்லாம் தைக்கிறதுக்கு வழி பண்ணுவ, கடைசில உன்னையே தைக்க வச்சுட்டியே" என்று வழியெல்லாம் சிரிக்க வைத்தார். ஆனால் அதற்குப் பிறகு அவளைத் தனியாக வெளியூர் விடவில்லை. உள்ளூர் வேலை மட்டும்தான். அதிலும் சாயங்காலம் ஆனால் போன் வந்துவிடும்.

இந்த முறை புதிதாகத் தொடங்கிய கம்பெனி ஒன்றில் பதினெட்டு மெஷின், மூன்று நாள் வேலை. பஸ்ஸில் ஆறு மணி நேரம்.

"நானும் லீவு போட்டுட்டு வர்றேன்" என்றார் அவர்.

"வந்து என்ன செய்வீங்க? நான் மெஷினுக்கு எண்ணெய் விடுவேன், நீங்க எனக்கு விசிறி விடுவீங்களா? இந்த ஒரு தடவை விடுங்க. ஏதாச்சும் தப்பு பண்ணினேன்னா, அப்புறம் நீங்க சொல்றதுதான் சட்டம்."

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை வாங்க அவளுக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது.

மாத்திரையை அட்டையோடு வை, டாக்டர் சீட்டையும் கூட எடுத்துப் போ என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எண்ணெய் அக்காவுக்கோ தனி வழக்கம். எண்ணெய்க் கையோடு பாக்கெட்டைப் பிரிக்க முடியாது என்பதால், ஊசிகளையெல்லாம் உறையை விட்டு எடுத்து, நம்பர் வாரியாகத் தடுப்பு வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வைப்பாள். பதினாலாம் நம்பர் ஒரு அறை, பதினாறாம் நம்பர் ஒரு அறை. மாத்திரைக்கும் இன்னொரு காலி ஊசிப் பெட்டியை எடுத்து அதையே செய்தாள். காலை வலிப்பு மாத்திரை ஒரு அறை, அதைவிட வீரியமான இரவு மாத்திரை ஒரு அறை, பிரஷர் மாத்திரை ஒரு அறை. அட்டைகளைக் குப்பையில் போட்டாள். சீட்டு வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. அங்கே இருந்தால்தான் தொலையாது என்பது அவள் கணக்கு.

ஊசிப் பெட்டியில் மூடிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு வைத்து அமுக்கியிருப்பாள், ஊசி நகராது. மாத்திரைக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டாள்.

முதல் நாள் காலை மாத்திரையை வீட்டிலேயே போட்டுக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறியவள், அன்றைக்கே ஏழு மெஷின் முடித்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு விடுதி அறையில் பெட்டியைத் திறந்தாள். பஸ் போட்ட ஆட்டத்தில் மாத்திரையெல்லாம் தடுப்பைத் தாண்டிக் குதித்து ஒரே குவியலாகக் கிடந்தன. மூன்றும் வெள்ளை, மூன்றும் வட்டம். கோடும் இல்லை, எழுத்தும் இல்லை. எட்டு மணிக்கு இரவு மாத்திரை போட வேண்டும்.

பழக்க தோஷம், கருவிப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தாள். ஒரு மாத்திரை எட்டு மில்லிமீட்டர், அடுத்தது எட்டே புள்ளி ஒன்று, அதற்கடுத்ததும் எட்டே புள்ளி ஒன்று. ஊசி என்றால் இதை வைத்தே நம்பர் சொல்லிவிடுவாள். ஒரு மாத்திரையை எடுத்து வாய் வரை கொண்டு போனாள். ஊசி தப்பானால் நூல் அறும், வேறு ஊசி மாற்றலாம். இது தப்பானால் எதை மாற்றுவது? கீழே வைத்துவிட்டு, பெட்டியோடு தெருமுனை மருந்துக் கடைக்கு நடந்தாள்.

கடையில் கண்ணாடி போட்ட இளம்பெண் ஒருத்தி இருந்தாள்.

"இதுல எது வலிப்பு மாத்திரைன்னு சொல்ல முடியுமா தங்கச்சி?"

"அட்டை எங்கக்கா?"

"குப்பைல போட்டுட்டேன்."

"வெள்ளையா வட்டமா எங்கிட்டயே இருநூறு வகை இருக்கு. இதப் பாத்து நான் சொன்னா அது ஜோசியம்."

"பேரு தெரியும். சொன்னா புதுசா குடுப்பீங்களா?"

"இத சீட்டு இல்லாம குடுக்க மாட்டேன்கா. போட்டோவா இருந்தாக் கூடக் காட்டுங்க. தேதியும் டாக்டர் நம்பரும் தெரியணும், நான் பேசிக் கேட்டுட்டுத் தர்றேன்."

சீட்டைப் படம் எடுத்து அனுப்ப வீட்டுக்காரரை விட்டால் ஆளில்லை. அவர் வண்டி ஓட்டும்போது போனை அணைத்து வைப்பார். ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புவார். கடைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். 'சும்மா பாக்கணும், ஒரு படம் அனுப்புங்க' என்று சொன்னால் போதும், அவருக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் வெளியூர் வேலை இதோடு முடிந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். ஏழு அடித்ததும் கூப்பிட்டாள். அவர் குரலைக் கேட்டதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.



"ஊசிப் பெட்டிலயா வச்ச?"

"ஆமா."

"நல்லவேளை, ஊசிய முழுங்காம இருந்தியே. போன வை, படம் எடுத்து அனுப்பறேன்."

மூன்று நிமிடத்தில் படம் வந்தது. சீட்டில் மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. கடைக்காரப் பெண் படத்தைப் பெரிதாக்கி வரி வரியாகப் படித்தாள், டாக்டரிடம் பேசினாள், பிறகு மூன்று நாளைக்கு மூன்று மாத்திரைகளையும் அட்டையோடு வெட்டித் தந்தாள். பேரும் காலாவதித் தேதியும் தெரிகிற மாதிரிதான் வெட்டினாள். கலந்து போனதைத் தானே வாங்கி வைத்துக்கொண்டாள். "இதப் போயி திரும்பப் பிரிச்சு அடுக்கிராதீங்கக்கா" என்றபோது எண்ணெய் அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஏழு ஐம்பத்தைந்துக்கு, அங்கேயே தண்ணீர் வாங்கி மாத்திரையைப் போட்டாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. போன் அடித்தது.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு." அப்புறம் அவளே கேட்டாள். "காலைல பஸ் ஏறி வந்துரட்டுமா?"

"எதுக்கு?"

"தப்புப் பண்ணினா நீங்க சொல்றதுதான் சட்டம்னு சொன்னேனே."

"எத்தனை மெஷின் ஆச்சு?"

"ஏழு."

"மீதி பதினொண்ண யாரு பாக்கறது, நான் வந்து ஹாரன் அடிச்சாச் சரியாயிருமா?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "போன தடவ விழுந்தப்புறம் தெரிஞ்சுது. இந்தத் தடவ முன்னாடியே சொல்லிட்ட. எனக்கு அது போதும். முடிச்சுட்டு வா."

அவள் விடுதிக்கு நடந்தாள். வழியில் எதிர்ப்பட்ட கம்பெனி சூப்பர்வைசர், "என்னக்கா, மொகமெல்லாம் சிரிப்பு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். நாளைக்கு எட்டாவது மெஷின்லருந்து ஆரம்பிக்கணும். கொஞ்சம் சீக்கிரமே கதவத் திறந்து வைக்கச் சொல்லுங்க."