நனைஞ்சு வந்த பியர்ப் பெட்டி

என்ரை மனுசனிட்டை ஒரு குணம் இருக்கு. விளங்காத கதைக்கும் தலையாட்டுவார். மகளின்ரை நிச்சயதார்த்தத்தண்டு மாப்பிளையின்ரை தகப்பன், கென்ற் பக்கத்து வெள்ளைக்காரர், எங்கடை ரெய்னர்ஸ் லேன் வீட்டுச் சோபாவிலை இவருக்குப் பக்கத்திலை இருந்து, தன்ரை கராஜுக்கை பியர் காய்ச்சிற விண்ணாணத்தை ரெண்டு மணித்தியாலம் விளக்கினார். இவர் ரெண்டு மணித்தியாலமும் "யெஸ், யெஸ், வெரி நைஸ்" எண்டபடி தலையாட்டினார். கலியாண வீடுகளிலைகூட அரைக் கிளாஸோடை நிப்பாட்டுற மனுசன் இவர். அவை போனாப்பிறகு, என்னப்பா அப்பிடிக் கதைச்சனியள் எண்டு கேட்டன். ஏதோ பார்லி விசயம், ஆனா நல்ல மனுசன் எண்டார்.

சிலபேர் வாயைக் குடுத்து மாட்டுவினம், இவர் தலையைக் குடுத்து மாட்டினார். அடுத்த மாசம் மகள் ஃபோன் எடுத்தாள். அப்பாவின்ரை பிறந்தநாளுக்குச் சம்மந்தி ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறாராம். புதுசாப் பியர் காய்ச்சப் பழகிற ஆக்களுக்கான பெட்டியாம், எல்லாச் சாமானும் உள்ளுக்கை இருக்குமாம். எட்டுக் கிழமையிலை அவை மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களிட்டை வரேக்கை, அப்பா காய்ச்சின பியரைத்தான் குடிப்பன் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறாராம்.

நான் சிரிச்சன். இவர் சிரிக்கேல்லை. இந்த நாட்டிலை முப்பது வருசம் வேலை செய்தவர், குட் மோர்னிங் சொன்ன வெள்ளையளுக்குக் கணக்கில்லை, ஆனா வீடு தேடிப் பரிசு அனுப்பினது இந்த மனுசன் ஒருத்தர்தான். "பிள்ளையை அந்த வீட்டுக்குக் குடுக்கிறம்," எண்டார். "அந்த மனுசனோடை எனக்கு ஒரு சிநேகிதம் வரவேணும். இல்லாட்டி அவள் சாகுமட்டும் நடுவிலை நிண்டு மொழிபெயர்க்கவேண்டி வரும்." அதுக்குப் பிறகு நான் பகிடி பண்ணேல்லை.

பெட்டி வந்த நாள் நாங்கள் ரெண்டுபேரும் வேலையிலை. கூரியர்காரன் பக்கத்துக் கேற்றுக்கு மேலாலை தூக்கிப் போட்டிட்டுப் போட்டான், பாழ்பட்ட மழை நாள் முழுக்க அதுக்கு மேலை பெய்திருக்கு. தூக்கினால் அடிமட்டை கையோடை வருது. வாளியும் குழாயும் தப்பியிட்டுது. மோல்ற் எண்ட பார்லிப் பாணி இருந்த ரின் ஒரு பக்கம் நெளிஞ்சிருந்தாலும் ஒழுகேல்லை. கசப்புக்குப் போடுற ஹொப்ஸ் எண்ட பச்சைக் குளிசையள் வெள்ளிப் பேப்பருக்கை பத்திரமா இருந்தது. ஆனா ஊறவைக்கிற பார்லிப் பை கிழிஞ்சு, தானியம் நனைஞ்சு, ஈரச்சாக்கு மணம். பியரைப் பொங்கவைக்கிற ஈஸ்ற் பைக்கற் வெடிச்சுக் களியாக் கிடந்தது.

மகள் லேசாச் சொன்னாள், படம் எடுத்து அனுப்பினால் கொம்பனி வேறை தரும், ஓடர் நம்பரை மட்டும் மாமாவிட்டைக் கேளுங்கோ எண்டு. இவர் துள்ளி எழும்பினார்.

"தந்த மனுசனிட்டைப் போய், உம்மடை பரிசு உடைஞ்சுபோச்சு எண்டு சொல்லுறதோ?"

பிழை அவரிலை மட்டும் இல்லை, நானும் ஓம் எண்டுதான் சொன்னன். என்ரை கலியாணத்துக்கு மச்சாள் தந்த ஆறு கிளாஸிலை ரெண்டு பெட்டிக்கையே உடைஞ்சிருந்தது. இண்டுவரைக்கும் அவவுக்குத் தெரியாது. அவ வந்தால் நாலுபேருக்கு மேலை ஒருத்தரையும் மேசையிலை இருத்தமாட்டம். எங்கடை ஆக்கள் அப்பிடித்தான், தந்தவை மனம் நோகப்படாது. ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது எண்டு மகளிட்டைச் சத்தியம் வாங்கினம்.

நனைஞ்ச தானியத்தை எறிய எனக்கு மனம் வரேல்லை. பழைய வேட்டியை விரிச்சு, ஹீற்றருக்குப் பக்கத்திலை ரெண்டு நாள் காயவிட்டன். சுளகிலை போட்டுப் புடைச்சன். அதுக்குப் பிறகு கை தானாத் தாச்சியை எடுத்துட்டுது. ஈரம் பட்ட தானியம் எண்டால் வறுக்கிறதுதானே, வேறை என்ன செய்யிறது? புட்டு மாவுக்கு வறுக்கிற மாதிரி மணம் வரும்வரைக்கும் நிண்டு பொறுமையா வறுத்தன். இவர் வந்து எட்டிப் பாத்து, ஐயோ, பெட்டிக்கை இருந்த செய்முறைத் தாளிலை வறுக்கச் சொல்லி ஒரு இடத்திலையும் இல்லையடியப்பா எண்டு தலையிலை கை வைச்சார். தாளிலை மழையைப் பற்றியும் ஒண்டும் இல்லை எண்டன்.

ஈஸ்றுக்கும் நான்தான் வழி கண்டன். அப்பத்துக்குப் போடுறதுக்கு ஃபிரிட்ஜிலை எப்பவும் ஒரு போத்தில் ஈஸ்ற் வைச்சிருப்பன். அப்பத்தைப் பொங்கவைக்கிறது இதைப் பொங்கவைக்காதோ? ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினி முழுக்க ஆவி பறக்க, தானியத்தை ஊறவைச்சு, பாணியும் ஹொப்ஸும் போட்டுக் காய்ச்சி, ஆறவிட்டு, அப்பத்து ஈஸ்ற்றைப் போட்டு வாளியை மூடினம். அடுத்தநாள் மூடியிலை இருந்த குழாய் களக் களக் எண்டு கொப்புளிச்சுது. இவர் அதுக்கு முன்னாலை கதிரை போட்டு இருந்தார். பிள்ளை பிறந்த நேரம்கூட இந்த மனுசன் இவ்வளவு நேரம் பாத்துக்கொண்டிருக்கேல்லை, உண்மையாத்தான் சொல்லுறன்.

போத்திலிலை விட்டு வைச்சம். நிறம் தேங்காய்ச் சிரட்டை மாதிரி. எத்தினை நாள் வைச்சும் தெளியேல்லை. பெட்டியிலை இருந்த படத்திலை பியர் பொன்னிறமா மினுங்குது. இவர் போத்திலையும் படத்தையும் மாறி மாறிப் பாத்துக் கவலைப்பட்டார். இந்த எட்டுக் கிழமையிலை சம்மந்தியிட்டை இருந்து ஒரு ஃபோனும் வரேல்லை, இவரும் எடுக்கேல்லை. எடுத்தால் உண்மை வாயிலை வந்திடும் எண்ட பயம்.

அவை வந்தினம். ஆட்டிறைச்சிக் கறி, புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல் எல்லாம் மேசையிலை இருக்க, ஒருத்தற்றை கண்ணும் சாப்பாட்டிலை இல்லை. இவர் கிளாஸிலை வாத்தார். கறுப்பா, கலங்கலா நிண்டுது. சம்மந்தி ஒரு வாய் குடிச்சு நிப்பாட்டினார். கிளாஸை மணந்து பாத்தார். திரும்ப ஒரு வாய் குடிச்சு, இதை எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு மெதுவாக் கேட்டார்.

இவர் கள்ளனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிச்சார். மகள் வாய் திறக்க வெளிக்கிட, கையைக் காட்டி அவளை நிப்பாட்டினார். பிறகு தன்ரை இங்கிலிசிலை தானே சொன்னார்.

"பெட்டி உடைஞ்சு வந்தது. உங்களுக்குச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது."

சம்மந்தி கிளாஸைக் கீழை வைச்சார். தனக்குத் தெரியும் எண்டார். குடுத்ததுக்கு அத்தாட்சியாக் கூரியர்காரன் எடுத்த படத்தைப் பாத்திட்டுக் கொம்பனி அவருக்கு எழுதி, வேறை பெட்டியும் அவர் வீட்டுக்கே அனுப்பியிருக்கு. இவர் ஃபோன் எடுத்துச் சொல்லுவார், கொண்டுவந்து குடுத்து ரெண்டுபேரும் சேந்து காய்ச்சலாம் எண்டு அவர் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். தானாக் கேட்டால் எங்களுக்குச் சங்கடமா இருக்குமாம். "நீங்கள் எடுக்கேல்லை," எண்டார். "என்னோடை கதைக்க விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சன்."

அவர் மனம் நோகப்படாது எண்டு நாங்கள் மூடி மறைச்சதுதான் எட்டுக் கிழமையா அந்த மனுசனை நோகவைச்சிருக்கு. சங்கடத்திலை வெள்ளைக்காரன் எங்களுக்கு இளைச்சவன் இல்லை எண்டும் அண்டைக்குத்தான் தெரிஞ்சுது.

அவர் எழும்பிப் போய்க் காரிலை இருந்து அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். பின்னேரமே ரெண்டு கிழவன்மாரும் என்ரை குசினியை நாசமாக்கிச்சினம். நான் வறுத்த கதையைக் கேட்டாப்பிறகு, அதே ருசி வேணும் எண்டு தானியத்தை வறுத்துத் தரச்சொல்லிச் சம்மந்திதான் கேட்டார். நனையாததை என்னத்துக்கு வறுக்கிறது எண்டு கேட்டும் விடேல்லை. மகள் ஹோலிலை காலை நீட்டிக்கொண்டு ரிவி பாத்தாள்.

கலியாணமும் முடிஞ்சுது. போன மாசம் சம்மந்தியின்ரை பிறந்தநாளுக்கு இவர் தானே தெரிஞ்செடுத்து ஒரு பெட்டி அனுப்பினார். ரெண்டாம் நாள் ஃபோன் அடிச்சுது. ஹோலுக்கை நிண்டு கனநேரம் கதைச்சுப்போட்டு, கண் கலங்கி, முகம் முழுக்கச் சிரிப்போடை குசினிக்கு வந்தார்.

"பெட்டி உடைஞ்சு வந்ததாம்," எண்டார். "உடனை எடுத்து எனக்குச் சொல்லிப்போட்டுது மனுசன்."